எதையும் தொடாதீங்க

டிரைவிங் ஸ்கூலில் வேலை பார்க்கும் அவரை எல்லோரும் பிரேக் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். கற்றுக்கொள்ள வந்தவர் ஸ்டியரிங்கைப் பிடித்திருக்க, பக்கத்து சீட்டுக்கென்று இருக்கும் இன்னொரு பிரேக்கின் மேல் காலை வைத்தபடியே அவருக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. நாள் முழுக்க "வேணாம், மெதுவா, கையை எடுங்க" என்று சொல்லிச் சொல்லித் தொண்டை வறண்டுபோகும். சனிக்கிழமையாவது வாய்க்கு ஓய்வு கொடுப்பாரா என்றால், அதுவும் கிடையாது. இருட்டியதும் பள்ளிக்கூட மைதானத்தில் தன் டெலஸ்கோப்பை நிறுத்திவைத்து, வானம் பார்க்க வருகிற புது ஆட்களிடமும் அதையேதான் சொல்லுவார்.

"கார் லைட்டை கேட்டுக்கு வெளியவே அணைச்சிடுங்க. போனை எடுக்காதீங்க, அந்த வெளிச்சம் பட்டா கண்ணு மறுபடி இருட்டுக்குப் பழக ரொம்ப நேரமாகும். வேணும்னா சிவப்புத் தாள் ஒட்டின டார்ச் இருக்கு, கேளுங்க. மூக்குக்கண்ணாடியைக் கழட்டிட்டுப் பாருங்க, லென்ஸ்ல கீறல் விழுந்துடும். எதையும் தொடாதீங்க. பின்னாடி ஆள் நிக்கறாங்க, நேரமாக்காதீங்க."

சொல்லி முடிப்பதற்குள் யாராவது ஒரு புண்ணியவான் அவரையே படம் பிடிப்பார், அதுவும் ஃபிளாஷ் போட்டு. வரிசையில் நிற்பவர்கள் எல்லாம் கண்ணைக் கசக்குவார்கள். மாஸ்டர் கத்த மாட்டார். கத்துவதற்கும் தெம்பு வேண்டுமே.

இந்தச் சனிக்கிழமையோடு கடையைக் கட்டிவிடுவது என்று அவர் முடிவு செய்திருந்தார். முதுகுவலி ஒரு பக்கம், மனசு விட்டுப்போனது இன்னொரு பக்கம். ஆனால் மனைவியிடம் எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை. தையல் வேலையைப் பாதியில் போட்டுவிட்டு, வாராவாரம் முக்காலியைத் தூக்கிக்கொண்டு கூடவே வருகிறவள். தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு முதல் ஆளாகப் பார்ப்பவளும் அவள்தான். "தெரியுதா?" என்பார். "நல்லாத் தெரியுதுங்க" என்பாள். அந்த ஒரு வார்த்தையில்தான் இத்தனை வருஷம் வண்டி ஓடியது. அவளுக்கு இருக்கிற ஒரே சந்தோஷத்தையும் பறிக்கிறோமே என்று சொல்லாமல் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தார்.

அன்று சனிக்கிரகத்தைக் காட்டினார். மனைவி பார்த்தாள், வழக்கமான வார்த்தையைச் சொன்னாள், நகர்ந்தாள். வரிசையும் நகர்ந்தது. நடுவில் ஒரு மருந்துக்கடைக்காரர், அன்றுதான் புதிதாக வந்தவர், சொன்னபடி தன் சோடாபுட்டிக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு குனிந்தார்.

"வளையம்னு சொன்னீங்களே, எங்க சார்? பிச்சுப்போட்ட பஞ்சு மாதிரி இருக்கு."

"நல்லாப் பாருங்க."

"நல்லாத்தான் பாக்கறேன்." சொல்லிக்கொண்டே ஆள் லென்ஸுக்குப் பக்கத்திலிருந்த திருகைப் பிடித்துத் திருப்பிவிட்டார். "ஆங், இப்ப வந்துடுச்சு."

மாஸ்டரின் வலது கால் தன்னால் தரையை அழுத்தியது. "தொடாதீங்கன்னு சொன்னேனே. என் கண்ணுக்குச் சரிபண்ணி வச்சிருந்தேன், கலைச்சிட்டீங்க."

"கண்ணாடியையும் கழட்டச் சொல்லிட்டு, உங்க கண்ணுக்கு வச்சா எனக்கு எப்படி சார் தெரியும்?" என்றார் அவர், கோபமே இல்லாமல்.

மாஸ்டர் வாயைத் திறப்பதற்குள் பக்கத்தில் இருட்டில் நின்றிருந்த மனைவி பேசினாள்.

"அதைத் திருப்பினா தெரியுமா?"

"நீதான் வாராவாரம் பாக்கறியே."

"பாக்கறேன். எனக்கும் பஞ்சுதான் தெரியும்."

"அப்புறம் ஏன் தெரியுதுன்னு சொன்னே?"

"அவ்வளவு ஆசையாக் கேப்பீங்க. முதல் ஆளே இல்லைன்னு சொன்னா உங்க மூஞ்சி என்னத்துக்கு ஆகும்? தொடக்கூடாது, நேரமாக்கக்கூடாதுன்னு வேற சொல்லிடறீங்க."

"ஒண்ணும் தெரியாம எதுக்கு வர்றே?"

"நீங்க வர்றீங்களே."

அவருக்கு அவமானமாக இருந்தது. ஊரில் இருக்கிறவர்களுக்கெல்லாம் வானத்தைக் காட்டுகிறேன் என்று நின்ற மனிதர், கூடவே இருந்தவளின் மூக்கில் இருந்த கண்ணாடியை ஒரு நாளும் யோசிக்கவில்லை. முக்காலியை இழுத்துப் போட்டு அவளை உட்காரவைத்தார். அவள் கையை எடுத்துத் திருகின் மேல் வைத்தார்.

"திருப்பு."

"கெட்டுப்போச்சுன்னா?"

"போகாது. உனக்கு எது சரியோ அதுவரைக்கும் திருப்பு."

அவள் இந்தப் பக்கம் திருப்பினாள், அந்தப் பக்கம் திருப்பினாள். பிறகு கை நின்றுவிட்டது. "தெரியுதா?" என்று கேட்க மாஸ்டருக்குப் பயமாக இருந்தது. அவளும் வழக்கமான வார்த்தையைச் சொல்லவில்லை.

"என்னங்க," என்றாள், "இதுக்கு நிஜமாவே வளையம் இருக்கு."

லென்ஸிலிருந்து அவள் கண்ணை எடுக்கவில்லை. வரிசையில் யாரோ செருமினார்கள். பழக்கதோஷத்தில் "அடுத்தவங்க வாங்க" என்பது நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. மாஸ்டர் அதை விழுங்கிக்கொண்டு வரிசையின் பக்கம் திரும்பினார்.

"கொஞ்சம் நேரமாகும். நில்லுங்க."