என்னைக் கேட்காமல் இறக்கிய வண்டி

ஊரில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு வந்த மறுநாள் காலை, சிங்கப்பூரில் எங்கள் ஈசூன் வீட்டுக்குக் கீழே கார் பார்க்கில் என் பிக்கப் வண்டியைப் பார்த்ததும் நாலு டயரிலும் காற்று போய்விட்டது என்றுதான் நினைத்தேன். குனிந்து பார்த்தால் காற்று இருந்தது. வண்டிதான் தரையோடு உட்கார்ந்திருந்தது.

பக்கத்தில் என் வீட்டுக்காரர், பரிசு வாங்கிய பிள்ளை மாதிரி நின்றார்.

“எப்படி இருக்கு? நீ ஊருக்குப் போயிருந்தப்ப ஆள் வெச்சு ஓட்டிட்டுப் போய், ஆங் மோ கியோ வொர்க்‌ஷாப்ல குடுத்து உயரத்த இறக்கிட்டேன். இப்ப ஏறிப் பாரு, ஈசியா இருக்கும்லா.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பழைய வண்டிதான், பெயிண்ட் போனதுதான். ஆனால் லிட்டில் இந்தியா கடைகளுக்கு நான் தேங்காய் போடுவது அதில்தான். இவர் லைசன்ஸ்கூட எடுத்ததில்லை. என் வண்டியின் ஸ்பிரிங்கில் கை வைக்க இவர் யார்?

“யாரக் கேட்டுச் செஞ்சீங்க?”

“உனக்கு முட்டி வலிக்குதேன்னு…”

“வலிக்குதுன்னு நான் சொன்னேனா?”

சொல்லவில்லை. சொன்னால் வண்டியை விற்றுவிட்டு வீட்டில் உட்காரச் சொல்வார்கள் என்று பயந்து, மகளிடம்கூட மூச்சு விடவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்துத் தொங்கி ஏறுவதை இவர் எங்கிருந்து பார்த்தாரோ! வண்டியைத் தொட்டதைவிட அதுதான் என்னை அதிகம் எரித்தது.

கடைக்காரர்கள் காத்திருப்பார்கள் என்று அப்படியே கிளம்பினேன். ஏறுவது சுலபமாகத்தான் இருந்தது. அதற்கும் கோபம் வந்தது.

தேங்காய் மூட்டைகளை ஏற்றியதும் வண்டி இன்னும் அமுங்கியது. கடைகளின் பின்சந்தில் வேகத்தடை மேல் ஏறும்போது அடியில் கர்ரென்று இழுத்தது. ரப்பர் கருகும் நாற்றம். டயர் மேல்தகரத்தில் உரசிக்கொண்டிருந்தது. வெறும் வண்டியை நிறுத்தி அழகு பார்த்து இறக்கியிருக்கிறார்கள். இதில் மூட்டை ஏறும் என்று அந்த வொர்க்‌ஷாப்காரருக்கும் தோன்றவில்லை, இவருக்கும் தோன்றவில்லை!

“என்னக்கா, வண்டி உக்காந்துடுச்சு?” என்று சிரித்தார் ஒரு கடைக்காரர். நான் முறைத்த முறைப்பில் உள்ளே போய்விட்டார். பாதி மூட்டைகளை அங்கேயே இறக்கிவிட்டு, போனில் என் வீட்டுக்காரரைத் திட்டினேன். சந்தே கேட்டிருக்கும்.

மதியம் வண்டியை நேரே அந்த வொர்க்‌ஷாப்புக்கு விட்டேன். இவர் எம்ஆர்டி ரயில் பிடித்து எனக்கு முன்பே வந்து நின்றிருந்தார். கழற்றிய ஸ்பிரிங் பட்டைகள் மூலையில்தான் கிடந்தன. சுமை தாங்க வேண்டுமென்றால் பழைய உயரம்தான், வேறு வழியில்லை என்றார் வொர்க்‌ஷாப்காரர். “ஏத்துங்க” என்றேன். மாட்டி முடிக்கும்வரை இவர் பக்கமே திரும்பவில்லை.

வண்டி பழையபடி நிமிர்ந்தது. கதவைத் திறந்து இடது காலைத் தூக்கி வைத்தேன். முட்டி விண்ணென்று தெறித்தது. காலை இறக்கினேன். வொர்க்‌ஷாப்காரர் வேறெங்கோ பார்த்தார். மறுபடி தூக்கினேன், முடியவில்லை. அழுகை வந்துவிடும் போலிருந்தது.

என் வீட்டுக்காரர் கையில் ஒரு சிவப்பு பிளாஸ்டிக் ஸ்டூலுடன் நின்றார். பக்கத்துக் காப்பிக் கடையில் இரவல் வாங்கி வந்திருக்க வேண்டும். கீழே வைக்கவில்லை.

“வைக்கட்டுமா?” என்றார்.

கல்யாணமாகி இத்தனை வருடத்தில் இவர் ஒன்றைச் செய்யும் முன் என்னைக் கேட்டது அன்றுதான்.

“வைங்க.”

ஏறி உட்கார்ந்து கதவை அறைந்து சாத்தினேன். ஸ்டூலைத் திருப்பிக் கொடுக்கக் கிளம்பியவரைக் கூப்பிட்டேன்.

“எங்க எடுத்துட்டுப் போறீங்க? அந்தக் காப்பிக் கடைக்காரர்கிட்ட வெலைக்குக் கேட்டு வாங்கி, வண்டிக்குப் பின்னால போடுங்க.”