சாயங்காலம் எகிறும் கோடு

பார்க்க அலுக்காத படம் எது என்று கேட்டால், பிராசஸர் எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் அந்தப் பச்சைக் கோட்டைத்தான் சொல்வேன். சிரிப்பார்கள். சிரிக்கட்டும். குன்னூருக்குப் பக்கத்தில், சிறு விவசாயிகளிடம் பச்சைத் தேயிலை வாங்கித் தூளாக்கும் ஒரு ஃபேக்டரியில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. அந்தக் கோடு எகிறினால் என் நெஞ்சும் கூடவே எகிறும்.

போன சீசனில் அது தினமும் எகிறியது. சாயங்காலம் நாலரை ஆனதும் சர்வர் அப்படியே நின்றுவிடும். தோட்டத்தில் எடை போட்ட விவரம் வந்து சேராமல் கேட்டில் லாரியை இறக்க முடியாது. மூட்டைக்குள் கிடக்கும் இலை சூடேறிச் சிவந்துபோகும். விவசாயிகளின் போனுக்கு உடனே போக வேண்டிய எடை மெசேஜ், அவர்கள் தூங்கப் போகும்போதுதான் போகும். பக்கத்து ஃபேக்டரிக்கு இலையைக் கொடுத்துவிடலாமா என்று சிலர் பேச ஆரம்பித்திருந்தார்கள்.

முதலாளி என்னைக் கூப்பிட்டு மாத ரிப்போர்ட்டை விரலால் தட்டினார்.

“சராசரி பதினஞ்சு சதவீதந்தான் வேலை செய்யுதுன்னு நீயே எழுதியிருக்கறே. மீதி நேரம் தூங்கற மெஷினு எப்படிம்மா திணறும்?”

“சராசரியில தெரியாதுங்க சார். நாள் பூராவும் சும்மா இருந்துட்டு, சாயங்காலம் கொஞ்ச நேரத்துல மூச்சு முட்டுதுங்க.”

“செரி, பெருசா ஒண்ணு வாங்கினா தீந்துருமா? எவ்வளவு பெருசு வேணும்?”

எத்தனை பேர் சாப்பிட வருவார்கள் என்று தெரியாமல் உலை வைக்க முடியுமா? கோயமுத்தூர்க் கம்பெனி ஒன்று எல்லாவற்றையும் அங்கிருந்தே நடத்தித் தருவதாக அவரிடம் சொல்லியிருந்தது. “மழை விட்டு இலை குவியற அன்னைக்கும் இப்படி நின்னுச்சுன்னா அவங்ககிட்ட குடுத்துருவேன். தப்பா நெனைக்காதேம்மா,” என்றார்.

கொடுத்துவிட்டால் எனக்கு வேலை இல்லை. என் படிப்புக்கு இந்த மலையில் வேறு வேலை சுலபத்தில் கிடைக்காது. கோயமுத்தூர் வெயிலில் சில வருடங்கள் வெந்துவிட்டு, இந்த வேலை கிடைத்த தைரியத்தில்தான் ஜெகதளாவில் என் வீட்டுக்காரரின் அரை ஏக்கர் தேயிலைக்குத் திரும்பி வந்திருந்தோம். அன்று அவரிடம் சொன்னபோது கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தவர் நிமிரவே இல்லை. “செரி, மச்சாங்கிட்ட கோயமுத்தூர்ல வாடகைக்கு ஊடு பாக்கச் சொல்லறேன்,” என்றார். எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. அந்தக் கோட்டின் மேல்.

மறுநாள் படத்தை நிமிடவாரியாகப் பிரித்துப் போட்டேன். நாலரை வரை தரையோடு தரையாகப் படுத்திருக்கும் கோடு, அதன் பின் சுவர் மாதிரி நேராக எழுகிறது. இது எனக்குப் புரியவே இல்லை. ஒவ்வொரு லாரியிலும் ஒரு ஏஜென்ட் போவார். தோட்டம் தோட்டமாக எடை போட்டுப் போனில் பதிவு செய்வார். அவர்கள் வேலை மத்தியானத்திலிருந்தே நடக்கிறதே, விவரம் மட்டும் ஏன் ஒரே நேரத்தில் வந்து விழ வேண்டும்? நாற்காலியில் உட்கார்ந்து யோசித்தது போதும் என்று லேப்டாப்பை எடுத்துக்கொண்டு எங்கள் ஊர்ப் பக்கம் போகும் லாரியில் ஏறிவிட்டேன்.

“ஏனுங்க அம்மணி, கம்ப்யூட்டரு லாரிக்குள்ளயா ரிப்பேரு?” என்று டிரைவர் அண்ணன் கிண்டல் செய்தார்.

பள்ளத்துத் தோட்டங்களில் சிக்னல் இல்லை. எடையெல்லாம் போனிலேயே தங்கியது. திரும்பும் வழியில் மேட்டு வளைவில் ஒரு டீக்கடை. அதற்கு அப்பால் ரோடு ஒடுக்கம்; எதிரே வரும் நாலரை மணி பஸ்ஸை விட்டுவிட்டுத்தான் போக முடியும். அதனால் எங்கள் லாரிகள் எல்லாமே அங்கே வரிசைகட்டி நின்றன. சிக்னலும் அந்த வளைவில்தான் உயிர் பெற்றது. டீ டம்ளர் ஒரு கையில், போன் மறு கையில் என்று ஏஜென்டுகள் அனுப்பும் பொத்தானை அமுக்க ஆரம்பித்தார்கள். திரையில் வட்டம் சுற்றியது. மறுபடி அமுக்கினார்கள். மறுபடியும்.

“எதுக்குங்கண்ணா திரும்பத் திரும்ப அமுக்கறீங்க?” என்றேன்.

“அமுக்க அமுக்கத்தானுங்க அம்மணி போவும்!” என்றார் ஒருவர். மற்றவர்களும் தலையாட்டினார்கள்.

பெஞ்சில் லேப்டாப்பைத் திறந்தேன். கோடு உச்சியில் முட்டிக்கொண்டு நின்றது. ஒவ்வொரு அமுக்குக்கும் அன்றைய எடை முழுவதும் முதலிலிருந்து மறுபடி கிளம்பிப் போகிறது! வந்ததையே திரும்பத் திரும்ப வாங்கி மெஷின் செத்துக்கொண்டிருந்தது.

“எல்லாரும் பொத்தான்ல இருந்து கையை எடுங்க!” என்று கத்தினேன். டீக்கடைக்காரரும் சேர்ந்து கையைத் தூக்கிவிட்டார். கொஞ்ச நேரத்தில் கோடு இறங்கியது, இறங்கி இறங்கித் தரையைத் தொட்டது. “இப்ப நீங்க மட்டும், ஒரே ஒருக்கா!” போய்விட்டது. “அடுத்து நீங்க!” அதுவும் போய்விட்டது. நான் குதித்த குதியில் என் டீ கொட்டிவிட்டது. “அம்மணிக்கு என்னமோ ஆயிருச்சு,” என்று டிரைவர் அண்ணன் லாரியில் ஏறிக்கொண்டார்.

தினமும் நானே வந்து கையை எடுங்கள் என்று கத்த முடியாதே. ஒரு வாரம் உட்கார்ந்து புரோகிராமை மாற்றினேன். எத்தனை முறை அமுக்கினாலும் ஒரு முறைதான் போகும். போனது மறுபடி போகாது. வளைவில் நிற்கும் போன்கள் ஒன்றன்பின் ஒன்றாக அனுப்பும். மாற்றி முடித்த கையோடு மழை பிடித்துக்கொண்டது. அது விட்டு வெயில் அடித்ததும், எல்லாரும் பயந்த அந்த நாள் வந்தது. சீசனிலேயே அன்றுதான் இலை வரத்து அதிகம்.

நாலரைக்கு முதலாளி என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். கோடு எழுந்தது. இன்னும் எழுந்தது. பாதி உயரத்தில் நின்றது. அங்கேயே கொஞ்சம் ஆடிவிட்டு மெதுவாகச் சரிந்தது. கேட்டில் லாரிகள் நிற்காமல் உள்ளே வந்துகொண்டிருந்தன.

“அப்பப் பெரிய மெஷினு வேண்டாம்?” என்றார் முதலாளி.

ஆமாம் என்று சொல்லிவிட்டுப் பேசாமல் இருந்திருக்கலாம். என் வாய் சும்மா இருக்காது. “இந்த சீசனுக்கு வேண்டாங்க சார். மெசேஜ் உடனே போறதைப் பாத்து இன்னும் விவசாயிங்க வருவாங்க. அடுத்த சீசனுக்கு வாங்கித்தான் ஆவோணுங்க.”

“வேலையைக் காப்பாத்திக்கிட்ட கையோட எனக்குச் செலவு வெக்கறே பாரு!” சிரித்துவிட்டார். “எவ்வளவு பெருசுன்னு நீயே கணக்குப் போட்டுக் குடு. கோயமுத்தூர்க்காரங்களுக்கு வேண்டாம்னு சொல்லிடறேன்.”

அவர் வெளியே போனதும் போன் அடித்தது. என் வீட்டுக்காரர்.

“ஏம்புள்ள, நம்ம எடை மெசேஜு வந்துருச்சு! நம்மூர் லாரி இன்னும் டீக்கடைகிட்டயேதான் நிக்குது, காட்டு மேட்டுல இருந்து தெரியுது!”

“வேலை நின்னுருச்சுங்க... அதாவது, போகலீங்க, நெலைச்சுருச்சுங்க!” எனக்குப் பேச்சே குழறியது. “மச்சாங்கிட்ட ஊடு பாக்க வேண்டாம்னு இப்பவே சொல்லிருங்க.”



“நான் அவனுக்குப் போனே பண்ணலை புள்ள,” என்றார்.