பங்காவோடு போனவன்

என் சகலை கனடாவுக்குக் கிளம்பிய காலையில், ஷார்ஜா விமான நிலையத்தின் சரக்குப் பக்கத்தில் நின்று, அவன் ஏறிய விமானத்தின் சக்கரங்களுக்கு முட்டுக்கொடுத்திருந்த கட்டைகளை இழுத்துப்போட்டவன் நான்தான். அன்று என் டியூட்டி அது. நான்கு விசிறிகளும் சுற்ற ஆரம்பித்ததும் மணல் வந்து முகத்தில் அடித்தது. அவன் ஜன்னல் வழியாகக் கையை ஆட்டினான். நானும் ஆட்டினேன். என் வயிறு எரிந்த எரிச்சலில் ஒரு பானைச் சோறு வடித்திருக்கலாம்.

அவன் என் மனைவியின் தங்கையைக் கட்டியவன். ஊரில் டிராக்டர் ஒர்க்‌ஷாப்பில் ஸ்பேனர் பிடித்துக்கொண்டிருந்தவனுக்கு விசா எடுத்துக்கொடுத்து, விமானத்தின் இன்ஜினைத் தொடக் கற்றுக்கொடுத்தது நான். அவன் மனைவி ஊரில் இருந்தாள். அவன் கம்பெனி கேம்பில் இருந்தான். வெள்ளிக்கிழமைதோறும் மதியச் சாப்பாட்டுக்கு எங்கள் ஃப்ளாட்டுக்கு வந்துவிடுவான். என் மனைவி மீன் குழம்பில் நடுத்துண்டாகப் பார்த்து அவன் தட்டில் வைப்பாள். "பாவம், கேம்ப் சாப்பாடு சாப்பிடுத பிள்ளை" என்பாள். வால் துண்டு எனக்கு வரும். பொறாமை அப்போதே லேசாக எட்டிப் பார்த்தது என்றுதான் நினைக்கிறேன்.

எங்கள் கம்பெனி பழைய சரக்கு விமானங்களைப் பழுதுபார்க்கிற கம்பெனி. பெரும்பாலும் சோவியத் காலத்தில் செய்தவை. இரண்டு இறக்கையிலும் பெரிய பெரிய விசிறிகள். ஜெட் விமானம் இறங்க முடியாத மண் ஓடுதளங்களுக்கு இவைதான் போய்வரும். இந்திக்காரர், பாகிஸ்தானி, மலையாளி என்று எல்லோரும் அவற்றைப் பங்கா, அதாவது விசிறி, என்றுதான் சொல்லுவார்கள். அவற்றுக்கு நடுவே ஒரு பங்கா மட்டும் வேறு சாதி. அமெரிக்காவில் செய்தது, உலகப்போர் காலத்துச் சரக்கு. யாரோ வாங்கி, யாரோ விட்டுவிட்டுப் போய், கடைசியில் எங்கள் முதலாளி கைக்கு வந்து வெயிலில் நின்றுகொண்டிருந்தது. விற்கிற வரைக்கும் செத்துப்போகாமல் பார்த்துக்கொள்ளும் வேலை எனக்கும் என் சகலைக்கும். வாரம் ஒருமுறை நான்கு இன்ஜினையும் ஓடவிட வேண்டும். கோடையில் ஸ்பேனரைக் கையால் தொட முடியாது. வாளித் தண்ணீரில் போட்டுவைத்து ஒவ்வொன்றாக எடுப்போம். புகை கக்கி, இருமி, பிறகு ஒரு சீராக அது முழங்க ஆரம்பிக்கும்போது எனக்கு மனசு நிறைந்துவிடும். அந்த விமானத்தின் மேல் எனக்குக் கொள்ளை ஆசை.

இன்னொரு ஆசையும் இருந்தது: கனடா. பர் துபாயில் ஒரு ஏஜென்ட் ஆபீஸ் விடாமல் ஏறி இறங்கினேன். ஏதாவது ஒரு குறை சொல்லித் திருப்பி அனுப்புவார்கள். வீட்டில் பேசினாலும் கனடா, கேம்பில் பேசினாலும் கனடா. அப்படி ஒரு நாடு இருப்பதே என் சகலைக்கு என் வாயால் கேட்டுத்தான் தெரியும்.

அந்த வருஷம் ஆயுத பூஜை வந்தது. ஊரில் என்றால் ஒர்க்‌ஷாப்பைக் கழுவிவிட்டு, எல்லாக் கருவிக்கும் பொட்டு வைத்து, பொரிகடலை கொடுத்து அன்று வேலையே கிடையாது. இங்கே அதெல்லாம் நடக்குமா? எரிபொருள் இருக்கிற இடத்தில் சூடம் கொளுத்தினால் ஜெயிலுக்குத்தான் போகவேண்டும். பர் துபாய்க் கோயில் சந்தில் வாங்கிய சந்தனத்தையும் குங்குமத்தையும் மட்டும் சட்டைப் பையில் மறைத்துக்கொண்டு போனேன். யாரும் வருவதற்கு முன்னால் அந்த அமெரிக்கப் பங்காவின் விசிறி இதழ் ஒவ்வொன்றிலும் ஒரு பொட்டு வைத்தேன். டியூட்டி ஆரம்பிப்பதற்குள் துடைத்துவிடலாம் என்பது என் கணக்கு.

பார்த்தால், ஃபோர்மேன் சீக்கிரமாகவே வந்துவிட்டார். கூடவே வெள்ளைக்காரர் ஒருவர், நரைத்த தாடி, தலையில் அழுக்குத் தொப்பி. விமானத்தை வாங்கக் கனடாவிலிருந்து வந்திருக்கிறார் என்று பிறகுதான் தெரிந்தது. ஃபோர்மேன் விசிறியைப் பார்த்ததும் முகம் சிவந்து, இது யார் செய்த வேலை என்று உருதுவில் கத்தினார். போன மாதம்தான் இன்ஜின் மூடிக்குள் ஒரு டார்ச்சை மறந்து வைத்துவிட்டு வார்னிங் வாங்கியிருந்தேன். இன்னொரு தப்பு என்றால் விசா கான்சல், கலாஸ், கதை முடிந்தது, குடும்பத்தோடு ஊருக்குப் போகவேண்டியதுதான். இருந்தாலும் சொல்லிவிடுவோம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் என் சகலை முன்னால் போய் நின்றான்.

"மைனே கியா, பாய்" என்றான். நான்தான் செய்தேன் என்று.

ஃபோர்மேன் அவனைப் பிடித்துக் குதறுவதற்குள் வெள்ளைக்காரர் குறுக்கே வந்து, இது என்ன என்று கேட்டார். என் சகலையின் இங்கிலீஷ் எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும். பயந்துகொண்டே சொன்னான். "டுடே டூல்ஸ் பூஜா, சார். டுடே நோ ஒர்க். டுடே ஒன்லி தேங்க்யூ."

அந்த மனிதர் தொப்பியைக் கழற்றிவிட்டார். பொட்டை விரலால் தொடப் போய், தொடாமல் கையை இழுத்துக்கொண்டார். எங்கள் ஊரில் மைனஸ் நாற்பது குளிரில் இன்ஜினைக் கிளப்புவதற்கு முன்னால் அதன் மேல் கையை வைத்து இரண்டு நல்ல வார்த்தை சொல்லுவோம், வெளியாட்கள் பார்த்துச் சிரிப்பார்கள் என்றார். பொட்டைத் துடைக்க வேண்டாம் என்று ஃபோர்மேனிடம் சொன்னார். விமானத்தையும் வாங்கினார். இதைப் பார்த்துக்கொள்ள இவன் எனக்கு வேண்டும் என்று என் சகலையையும் கேட்டார். பேப்பரெல்லாம் தயாராகிற வரை கேம்ப் முழுக்க இதே பேச்சு. அதிர்ஷ்டம் என்றார்கள், யோகம் என்றார்கள். குங்குமம் என்னுடையது என்று நான் யாரிடம் போய்ச் சொல்ல? என்னைக் காப்பாற்ற அவன் ஏற்றுக்கொண்ட பழி அது. திட்டு விழுந்திருந்தால் அவனுக்குத்தானே விழுந்திருக்கும்? இப்படி நினைத்து நினைத்து என்னை நானே சமாதானம் செய்தேன். ஒரு பிரயோஜனமும் இல்லை.

அந்தப் பங்காவோடு அவன் போன பிறகு வெள்ளிக்கிழமைகளில் போன் வரும். எங்களுக்குச் சாப்பாட்டு நேரம், அவனுக்கு விடிகாலை. ரோடே கிடையாத ஊர்களாம். குளிர்காலத்தில் ஏரி உறைந்தால் அதன் மேல் லாரி போகும்; மற்ற நாளெல்லாம் இந்தப் பங்காதான். மாவு மூட்டை, டீசல் பீப்பாய், பள்ளிக்கூடப் பெஞ்சு, ஒருதடவை ஒரு கல்யாணத்துக்கு கேக்.

"சத்தம் கேட்டதுமே ஊரே வந்துருதுண்ணே. சின்னப் பிள்ளைகள்லாம் என் கையப் பிடிச்சிக்கிடுது. இன்ஜினுக்குக் கம்பளி போத்திவிடுதோம், நம்ம பிள்ளைக்குப் போத்துத மாதிரி. உங்க பங்கா நல்லா இருக்குண்ணே."

உங்க பங்கா என்பான். அதைக் கேட்டால்தான் பற்றிக்கொண்டு வரும். ஷார்ஜாவில் நானும் இத்தனை விமானங்களை ஏற்றி அனுப்புகிறேன். டயரும் டிவியும் போகும். எங்கே இறங்கிற்று, யார் வந்து வாங்கினார்கள், ஒன்றும் தெரியாது. என்னுடைய சத்தம் கேட்டு இந்த உலகத்தில் ஒரு நாய்கூட வெளியே வந்ததில்லை. "சரிப்பா, போன் கார்டு தீரப்போகுது, வச்சிரு" என்பேன். கார்டு அவனுடையது.

அடுத்த கோடையில் ஒரு வெள்ளிக்கிழமை அவன் குரலே வேறு மாதிரி இருந்தது.

"அண்ணே, இங்க சீனியர் ஒருத்தரு ரிட்டயர்டு ஆவுதாரு. அந்த வேலை உங்களுக்குத்தான். நம்ம தாடிக்கார பாஸு, பேப்பர் ரெடி பண்ணச் சொல்லிட்டாரு."

"என்னை அவருக்கு எப்படித் தெரியும்?"

"வந்த முதல் வாரமே சொல்லிட்டேன்லா, பொட்டு வச்சது எங்க அண்ணன்னு. எடம் வரட்டும், அவரையும் கூப்பிடுவோம்னாரு. சும்மா ஆசை காட்டக் கூடாதேன்னுதான் உங்ககிட்ட சொல்லல. இப்பம் இந்த எடத்துக்கு என்னையத்தான் முதல்ல கேட்டாரு. அண்ணனுக்குக் குடுங்க, நான் அவருக்குக் கீழ நிக்கேன்னுட்டேன்."

அவன் ஒரு அயோக்கியனாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவு சௌகரியமாக இருந்திருக்கும்! வாய்விட்டுத் திட்டியிருப்பேன். ஏஜென்ட் ஆபீஸ் படிகளில் நான் தேய்ந்து தேய்ந்து கேட்டதை இவன் வெற்றிலை பாக்கு வைத்து நீட்டுகிறான். இவன் கையால் அதை வாங்குவதா?

"எனக்குக் குளிர் ஒத்துக்காதுப்பா. வேற ஆளப் பாக்கச் சொல்லு" என்று போனை வைத்துவிட்டேன்.

திரும்பினால் அடுப்படி வாசலில் கையில் கரண்டியோடு என் மனைவி. விஷயம் அவளுக்கு முந்தின நாளே தெரியும், தங்கை சொல்லியிருக்கிறாள்.

"ஏசியப் பதினாறுல வச்சு, என்னையும் பிள்ளையையும் விடிய விடிய நடுங்கவைக்கிற மனுஷனுக்குக் குளிர் ஒத்துக்காதாக்கும்?"

அவள் என்னை ஒரு நிமிஷம் ஏற இறங்கப் பார்த்தாள். எனக்குள் இருந்தது எல்லாம் அவளுக்குத் தெரிந்துதான் இருக்கிறது, ரொம்ப நாளாகவே. கரண்டியை என் கையில் திணித்துவிட்டு அவளே நம்பரை அழுத்தினாள்.

"தம்பி, உங்க அண்ணன் சும்மா விளையாட்டுக்குச் சொன்னாக. வாராகளாம். பேப்பர அனுப்புங்க" என்று சொல்லி ரிசீவரை என் காதில் வைத்தாள்.

அந்தப் பக்கம் அவன் சின்னப்பிள்ளை மாதிரிக் கூச்சல் போட்டுக்கொண்டிருந்தான். பக்கத்தில் யாரையோ எழுப்பி, எங்க அண்ணன் வாராரு, எங்க அண்ணன் வாராரு என்று தமிழிலேயே சொன்னான். இன்னொருத்தனுக்கு நல்லது நடந்ததற்காக நான் வாழ்நாளில் ஒருமுறைகூட அப்படிக் கத்தியதில்லை. அதற்கும் எனக்குப் பொறாமையாக இருந்தது.