புத்தி சொல்லாத கூட்டம்

பெட்டிக்காரர் என்ற பெயரை நான் முதலில் கேட்டது, என் தங்கை மகளுக்கு வரன் தேடிய வருஷம். அட்டைப்பெட்டிப் பட்டறை வைத்திருந்தார். அவளைக் கல்யாணம் செய்துகொண்ட பிறகு, சொந்தத் தொழில் நடத்தும் நாலைந்து பேரைச் சேர்த்துப் பட்டறையிலேயே மாதாமாதம் கூட்டம் போட்டார். அவரவர் பட்ட பாட்டைச் சொல்லலாம், யாரும் யாருக்கும் புத்தி சொல்லக் கூடாது என்பது அவர் வைத்த சட்டம். புத்தி கேட்டு அலுத்தவர்களுக்கு அது பிடித்துப்போக, கூட்டம் கிளை கிளையாகக் கடல் தாண்டி நாடு நாடாகப் பரவியது.

போன வருஷம், பட்டறையை அடகு வைத்துப் பெரிய இயந்திரம் வாங்கலாமா என்று எல்லா நாட்டுக் கிளைக்காரர்களும் சேர்ந்த கூட்டத்திலேயே கேட்டார். ஆளாளுக்கு இயந்திரம் வாங்கி நொடித்த கதையைச் சொன்னார்கள். தன் கதை வேறு என்று நினைத்து வாங்கிவிட்டார். ஆர்டர் வரவில்லை, பட்டறை கைவிட்டுப் போனது.

“அத்தனை நாட்டுக்காரங்கள்ல ஒருத்தர்கூடவா வேணாம்னு சொல்லலை, மாப்பிள்ளை?” என்று கேட்டேன்.

“சொல்லக் கூடாதுன்னு சட்டம் போட்டதே நான்தானே, அத்தை.”

“நான் சொன்னேன் பெரியம்மா,” என்றாள் என் தங்கை மகள். “நீயும் உன் அனுபவத்தை மட்டும் சொல்லுன்னு என் வாயையும் அடைச்சிட்டாரு.”

சொந்தத் தொழில் இல்லாதவருக்குக் கூட்டத்தில் இடம் கிடையாது. இப்போது அவர் வேறொருவர் பட்டறையில் பெட்டி மடிக்கிறார்.