துணி அறவில்லை

பனியன் கம்பெனியில் எனக்குக் கம்ப்ளையன்ஸ் வேலை. சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையர்கள் அனுப்பும் ஆட்கள் ஆடிட்டுக்கு வருவார்கள். தீயணைப்புக் கருவி இருக்கிறதா, கழிவறையில் சோப்பு இருக்கிறதா, நடைவழியில் அட்டைப்பெட்டி கிடக்கிறதா என்று பார்ப்பார்கள். அவர்கள் பார்ப்பதற்கு முன்னால் நான் பார்த்துவிட வேண்டும். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். லைன் சூப்பர்வைசர்கள் என்னைக் கண்டால் வேறு பக்கம் நடப்பார்கள். பன்னிரண்டு வருடம் அப்படியே ஓடியதில், எனக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்ற நினைப்பும் வந்துவிட்டது.

கம்பெனிக்கு மேல் இரண்டாவது மாடி எழுப்பியபோது, அந்த வேலையையும் முதலாளி என் தலையில் கட்டினார்.

"வெள்ளிக்கெழம ஆடிட்டுங்க கண்ணு. அதுக்குள்ள வெளிப்பூச்சு முடிச்சு சாரத்தப் பிரிச்சிறோணும். வர்றவங்க கண்ணுல கம்பும் கயிறுமாத் தெரியக் கூடாதுங்க."

விவசாயம் பார்த்த காட்டை விற்றுக் கம்பெனி தொடங்கியவர். அதட்டவே தெரியாது. அதட்டியிருந்தால் நானும் எதிர்த்துப் பேசியிருப்பேன். சரிங்க என்று சொல்லிவிட்டு வந்தேன்.

பூச்சு வேலைக்கு வந்த கொத்தனார் ராமநாதபுரம் பக்கத்துக்காரர். அவருடைய மனைவி எங்கள் கட்டிங் செக்‌ஷனில் ஹெல்பர். என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவாள். சவுக்குக் கம்புகளை நட்டு, குறுக்குக் கம்புகளைக் கயிற்றால் இறுக்கி, பலகை போட்டு அவரே சாரம் கட்டிக்கொண்டு போனார். கடைசி அடுக்குக்குக் கயிறு போதவில்லை. வியாழக்கிழமைதான் வரும் என்று கட்டட வேலையை எடுத்திருந்த மேஸ்திரி கையை விரித்தார். அன்று செவ்வாய்.

திருப்பூரில் பிறந்தவர்களுக்குக் கயிறு இல்லை என்பது ஒரு பிரச்சினையே இல்லை. கட்டிங் வேஸ்ட் துணியை முறுக்கினால் கயிறு. துணி காயப்போடும் கொடி, குழந்தைக்குத் தூளி, வண்டியில் மூட்டை எல்லாவற்றுக்கும் எங்களுக்கு அதுதான். இரண்டு மூட்டை எடுத்துக்கொள்ளலாம் என்று நான்தான் சீட்டில் கையெழுத்துப் போட்டேன்.

கொத்தனார் தயங்கினார். "துணியிலயா மேடம் சாரம் கட்டுறது? எங்க பக்கம் கேட்டா சிரிப்பாக."

"உங்க பக்கம் பனியன் துணி ஏதுங்கண்ணா? இழுத்துப் பாருங்க. அறுந்துச்சுன்னா எங்கிட்ட வாங்க," என்றேன்.

காலுக்கடியில் மிதித்துக்கொண்டு இரண்டு கையாலும் இழுத்தார். அறவில்லை. என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு மேலே ஏறினார். அவருக்குப் புது சேஃப்டி பெல்ட் ஒன்றும் கொடுத்து, மாட்டிக்கொண்டு நிற்கச் சொல்லிப் போட்டோ எடுத்தேன். பெல்ட்டின் கொக்கியைப் பக்கத்திலிருந்த குறுக்குக் கம்பில் மாட்டியிருந்தார். கட்டடத்தில் உறுதியான இடத்தில் மாட்ட வேண்டும் என்று என்னிடமிருந்த படிவத்தில் ஒரு வரி உண்டு. போட்டோவைப் பார்த்துக்கொண்டே அதற்கு நேரே டிக் அடித்தேன்.

புதன்கிழமை சாயங்காலம் தூறல் போட்டது. வியாழக்கிழமை காலை டீ நேரத்தில் சத்தம் கேட்டு ஓடினேன். மேல் அடுக்கில் குறுக்குக் கம்பு ஒரு பக்கமாக இறங்கிப் பலகை சரிந்துவிட்டது. விழுந்தவரோடு, கொக்கி மாட்டியிருந்த கம்பையும் பெல்ட் இழுத்துக்கொண்டு வந்து அவர் மேலேயே போட்டிருந்தது. கண் திறந்துதான் இருந்தது.

"எங்காலு எங்கன கெடக்குன்னு தெரியல மேடம்," என்றார்.

முதலாளி தன் காரிலேயே அவரைக் கோயம்புத்தூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். மேஸ்திரி கீழே கிடந்த துணியை எடுத்து என் முகத்துக்கு நேரே நீட்டினார். "பாருங்க மேடம், துணி அறுந்து போகலீங்க. அவரு முடிச்சு சரியாப் போடலீங்க."

எனக்கு அப்போது வந்தது துக்கம் இல்லை, நிம்மதி. சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் வந்தது. தொழிலாளி முடிச்சைச் சரியாகப் போடாததால் விபத்து என்று ரிப்போர்ட் எழுதி, அன்றைக்கே அனுப்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. அதே மாதிரி வேஸ்ட் துணியை முறுக்கி, மொட்டைமாடித் தூணில் ஒரு மூங்கிலைக் குறுக்காகக் கட்டினேன். துணி மேல் தண்ணீர் தெளித்து, மூங்கிலில் நிறைகுடம் ஒன்றைத் தொங்கவிட்டேன். காலையில் கட்டியது சாயங்காலம் ஒரு சாண் இறங்கியிருந்தது. முடிச்சு போட்டபடியே இறுகி இருந்தது. துணிதான் நீண்டு, தூணைப் பிடிக்காமல் தொளதொளத்துக் கிடந்தது. அப்போதுதான் உறைத்தது: மேஸ்திரி என் முன்னால் நீட்டிய துணியிலும் முடிச்சு அவிழாமல்தான் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டேதான் அப்படி எழுதினேன்.

சொல்லிவிடுவதென்று முடிவு செய்யவே எனக்கு மூன்று வாரம் ஆனது. அதற்குள் இடுப்புக்குக் கீழே இனி அசைவு வராது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அந்த மனுசன் தன் கையே தன்னைக் கெடுத்தது என்று நினைத்துக்கொண்டு காலம் முழுக்கப் படுத்திருக்கக் கூடாது. அதை மட்டுமாவது நான் செய்ய வேண்டும் என்றுதான் பஸ் ஏறினேன்.

வார்டுக்கு வெளியே அவர் மனைவி ஃபிளாஸ்க் கழுவிக்கொண்டிருந்தாள். அவளிடம் முதலில் சொன்னேன். முடிச்சு தப்பில்லை, துணிதான் தப்பு, கொடுத்தது நான், அவர் மேல் எழுதியதும் நான். அவள் என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன், திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தேன். அவள் குழாயை மூடினாள்.

"அந்தத் துணியப் பொறுக்கி மூட்டையில போட்டது நாந்தாக்கா. அவுகளுக்குன்னு நல்லா நீளமா, இழுத்தா இழுபடுற துண்டாப் பாத்துப் பாத்துப் பொறுக்குனேன். அது அவுகளுக்கும் தெரியும்."

ஃபிளாஸ்க்கைத் துடைத்து மூடியைத் திருகினாள்.

"இப்பத் தன்னையவே நொந்துக்கிட்டுக் கெடக்காக. துணிதான்னு தெரிஞ்சா, அப்புறம் என் மூஞ்சியப் பாக்குறப்பெல்லாம் அதுதானே நெனப்பு வரும்? இனி நாந்தான அவுகளத் தூக்கணும், தொடைக்கணும். சொல்லிராதீகக்கா."

ஊருக்கே நியாயம் பேசுகிறவள், அங்கே தலையை மட்டும் ஆட்டினேன். அவள் பின்னால் உள்ளே போனேன். அவர் என்னைக் கண்டதும் எழுந்திருக்கப் பார்த்தார். முடியவில்லை. கையை மட்டும் கூப்பினார்.

"எம் முடிச்சுதான் மேடம் ஏமாத்திருச்சு. ஆடிட்டு நேரத்துல உங்களுக்கு வேற கெட்ட பேரு. மனசுல வச்சுக்கிராதீக."

அவள் கால்மாட்டில் போர்வையைச் சரிசெய்துகொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"பரவாயில்லீங்கண்ணா," என்றேன்.

அவர் முகம் கொஞ்சம் தெளிந்தது.