முழங்கால் வலி என்று எழுதிப் போட்ட சீட்டு

எனக்கு நாலு பேர் முன்னால் பேச வராது. ஐந்தாம் வகுப்போடு சரி. அதனால் எழுதிக் கொடுக்கிறேன், யாராவது வாசியுங்கள்.

போன வருஷம் ஜூன் மாதம், மௌலா அலியில் நம் சபையின் வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில், முழங்கால் வலி என்று விண்ணப்பச் சீட்டு போட்டேன். எல்லாரும் கண்ணீரோடு ஜெபித்தீர்கள். சகோதரிகளே, என் முழங்காலுக்கு ஒன்றும் இல்லை.

அந்த வாரம்தான் என் மகள் எஸ்தர், கல்யாணமாகி ஆறு வருஷம் கழித்து உண்டாகியிருந்தாள். ரத்தப் பரிசோதனையைப் பார்த்த டாக்டரம்மா, குடும்பத்தில் ரத்தம் ஊறாமல் இறந்த பிள்ளை உண்டா என்று கேட்டார். எஸ்தர் இல்லை என்றாள். பக்கத்தில்தான் நான் இருந்தேன். வாயைத் திறக்கவில்லை.

எஸ்தருக்கு முன்னால் எனக்கு ஒரு மகன், சாமுவேல். ஒன்றரை வயதில் உள்ளங்கை சுண்ணாம்பாய் வெளுத்து, வயிறு வீங்கி, என் மடியிலேயே போய்விட்டான். ரத்தக் குறை என்றார் டாக்டர். எல்லாரிடமும் காய்ச்சல் என்று சொல்லி வைத்தேன். பின்னால் எஸ்தரை என் தம்பி மகனுக்கே கொடுக்க எனக்கு ஆசை. உண்மை தெரிந்தால் பெண் எடுப்பார்களா?

டாக்டரம்மா கேட்ட அன்று முதல், சோறு பிசைந்தாலும் கண்ணில் சாமுவேலின் அந்தக் கைதான். ஆண்டவரே, இதை மூடி வையும், பிள்ளையையும் காப்பாற்றும் என்று இரண்டையும் சேர்த்தே கேட்டேன். அவர் மூடவில்லை. ஒரு காலையில் எஸ்தர் முகம் கழுவிவிட்டு, துண்டு கேட்டுக் கையை நீட்டினாள். வெளுத்த உள்ளங்கை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

அவள் துண்டை முகத்தில் அழுத்திக்கொண்டாள். பிறகு, "வருஷா வருஷம் அண்ணன் கல்லறைக்குப் பூ வச்சேனேம்மா. அப்பக்கூட உனக்குச் சொல்லத் தோணலையா?" என்றாள்.

மருமகன், அந்தத் தம்பி மகன்தான், "நக்கோ, வேண்டாம் அத்தை, அழுறத அப்புறம் வச்சுக்கலாம். மொதல்ல டாக்டர்கிட்ட வந்து சொல்லுங்க" என்றான்.

சொன்னேன். இருவர் ரத்தத்தையும் சோதித்தார்கள். இருவரிடமும் அந்தக் குறை பாதி பாதி இருந்தது. இரண்டும் பிள்ளைக்குச் சேர்ந்தால் இன்னொரு சாமுவேல். பன்னிரண்டாம் வாரம் கருவின் நஞ்சுக்கொடியிலிருந்து ஊசியால் கொஞ்சம் எடுத்தார்கள். முடிவுக்குப் பத்து நாள். ஜெபிக்கவே வெட்கமாக இருந்தது. முழங்காலில் நின்று, சாமுவேல், சாமுவேல் என்று அவன் பேரை மட்டும் சொன்னேன்.

பிள்ளைக்குப் பாதிதான், நோய் வராது என்றார்கள். ஜனவரியில் பேத்தி பிறந்தாள். முதலில் அவள் உள்ளங்கையை விரித்துப் பார்த்தேன். சிவப்பு. ஸ்தோத்திரம் ஆண்டவரே.

இன்றும் தினம் ஒருமுறை விரித்துப் பார்க்கிறேன். அந்த வெள்ளைக் கை இன்னும் என்னை விடவில்லை. ஆனால் இப்போது அவனைப் பற்றி வீட்டில் பேசுகிறோம். தம்பி வீட்டில் கல்யாணமாகாத பிள்ளைகளும் பரிசோதனை செய்துகொண்டார்கள்.

நான் ஒளித்ததைத் திறந்தே அவர் எனக்கு உதவினார். உங்களுக்கும் உதவுவார். வருகிற வெள்ளிக்கிழமை சீட்டில், மனதில் உள்ளதையே எழுதுங்கள்.