ஷட்டில் கோர்ட் விளக்கில் ஏலக்காய்

அந்தத் தடவை ஏலக்காயை முதன்முதலாக நானே உலர்த்தினேன். போடிமெட்டுக்கு மேலே எங்கள் சின்னத் தோட்டத்தில், காய் உலர்த்தும் ஸ்டோரில் சூட்டைப் பார்த்துக்கொள்பவர் ஊருக்குப் போய்விட்டார். அதைப் பற்றிப் படித்திருக்கிறேனே, போதாதா? “கருக்கிக் கொண்டாராம இருந்தாச் சரி,” என்று மனைவி போனில் ஆசீர்வதித்தாள். சூடு மிஞ்சினால் பச்சை போய்விடும். பச்சை போன காயைப் போடிச் சந்தையில் யாரும் ஏறிட்டும் பார்க்கமாட்டார்கள்.

மூட்டையோடு மச்சானின் ஜீப்பில் இறங்கினேன். மலையடிவாரத்தில் டீக்கு நிறுத்தியபோது பொழுது சாய்ந்திருந்தது. கடைவாசலில் பழைய மஞ்சள் சோடியம் விளக்கு. மூட்டையைப் பிரித்து ஒரு கை அள்ளினேன். அத்தனையும் பழுப்பு.

“மாப்ளே, இது ஏலக்காயா, ஆட்டுப் புழுக்கையா?” என்றார் மச்சான். என் மனைவிக்கு அண்ணன். குடும்ப வாய் அது.

டம்ளரை வைத்துவிட்டு நிமிர்ந்தேன். அப்போதுதான் அவர் சட்டையைக் கவனித்தேன். காலையில் பச்சைச் சட்டை. இப்போது அதுவும் பழுப்பு. சட்டையை நான் உலர்த்தவில்லை.

சோடியம் விளக்கு கொடுப்பது அநேகமாக மஞ்சள் மட்டும். கொடுக்காத பச்சையைக் காய் எப்படித் திருப்பிக் காட்டும்?

“போடி ஷட்டில் கோர்ட்டுக்கு வெரசா விடுங்க மச்சான். அங்க எல்லா நிறமும் காட்டுற மெட்டல் ஹாலைடு விளக்கு இருக்கு.”

“காய் வெளையாடப் போகுதாக்கும்?”

நாங்கள் போனபோது அப்போதுதான் விளக்கைப் போட்டிருந்தார்கள். அது போட்டதும் பளிச்சிடாது. சோம்பல் முறித்துத்தான் எழும். உள்ளே சின்னக் குப்பியில் பாதரசமும், அயோடினோடு சேர்ந்த உலோக உப்புகளும். அந்த உப்புகள்தான் ஹாலைடு. பல உலோகங்கள் தனியாக இருந்தால் ஆவியாக மாட்டேன் என்று அடம்பிடிக்கும். அயோடினோடு சேர்த்துவைத்தால் எளிதில் எழும். நடுவிலுள்ள கடுஞ்சூட்டில் இரண்டும் பிரிந்து, உலோகம் தன் நிறத்தைக் கொட்டிவிட்டு, ஓரமாக வந்து ஆறியதும் மறுபடி சேர்ந்துகொள்ளும். எங்கள் வீட்டிலும் ஏறக்குறைய இதே வேதியியல்தான்.

இதை மச்சானுக்கு விளக்கும்போது இறகுப் பந்து என் காதை உரசிப் போனது.

“அண்ணே, கோர்ட்டுக்குள்ள நின்னு என்ன சோலி?” என்றான் ஆடிக்கொண்டிருந்த பையன்.

ஓரமாக நகர்ந்து, காய் வைத்திருந்த கையை விரித்தேன். முதலில் பாதரசத்தின் நீலம். காயெல்லாம் பேயறைந்த சாம்பல். உப்புகள் எழ எழ, முதலில் என் உள்ளங்கை மனிதக் கை ஆனது. அப்புறம் காய்மேல் மெல்ல மெல்லப் பச்சை ஏறியது. செடியில் மாதக்கணக்கில் நடந்த காரியத்தைச் சில நிமிடத்தில் திரும்பப் பார்த்ததுபோல் இருந்தது.

“பச்சைதான் மாப்ளே,” என்றார் மச்சான், கொஞ்சம் ஏமாற்றத்தோடு.

மறுநாள் காலையில் மனைவி வீட்டு மாடி வெயிலில் மூட்டையைக் கொட்டினாள். அடியிலிருந்த காய் கொஞ்சம் கருகித்தான் இருந்தது.

“நேத்து விளக்குல பச்சையா இருந்துச்சே!”

“விளக்கு உங்க கையில இருந்ததைத்தான பாத்துச்சு? மூட்டைய யாரு பாத்தா?”

கருகியதைப் பொறுக்கி அடுப்படி டப்பாவில் போட்டாள். மற்றது வியாபாரிக்குப் போனது. கருகிய காயிலும் டீ நன்றாகத்தான் இருக்கிறது. என் டம்ளருக்கு மட்டும்தான் அந்த டப்பா திறக்கிறது.